மெழுகில் இருந்த பெயர்

தேநீர் ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள், மிஸஸ் நான்கிவெல். கேக்கில் குங்குமப்பூ கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது. தனியாகச் சமைக்கிறவனுக்கு அளவு கையில் நிற்பதில்லை. மொர்வெனா உங்கள் காலடியில் படுத்திருப்பது இடைஞ்சலாக இருந்தால் சொல்லுங்கள், பின்கட்டில் விட்டுவிடுகிறேன். அவளுக்கு வயது எட்டு நடக்கிறது, நாய்க்கு அது கிழப்பருவம். இப்படி அனலாக வடக்குக் காற்று வீசுகிற நாட்களில் தரையை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.

நீங்கள் கொண்டுவந்த சீட்டை மேஜைமேல் வையுங்கள். மடிக்க வேண்டாம், அது எழுபது வருஷத்துக் காகிதம். உங்களைச் சுற்றி வளைத்துப் பேச வைக்க எனக்கு விருப்பமில்லை. லோர்னா ட்ரெம்பாத் போன மாதம் இறந்தார். அவர் வீட்டுச் சாமான்களைப் பார்க்க நம் பழைய பாட்டுப் பெட்டிச் சங்கத்தின் செயலாளராக நீங்கள் போனீர்கள். போனோகிராஃபில் போடுகிற மெழுகு உருளை ஒன்றின் அட்டைப் பெட்டிக்குள் பொத்தான்கள் இருந்தன. பொத்தான்களுக்கு அடியில் பஞ்சு, பஞ்சுக்கு அடியில் இந்தச் சீட்டு. சீட்டில் அவருடைய அப்பா ஹார்ட்லி ராடா கைப்பட எழுதிய ஒரு எண். அதே எண் அதோ ஜன்னலோரம் நிற்கிற என் போனோகிராஃபின் எண் தகட்டில் இருக்கிறது. நானோ அதை ப்ரோக்கன் ஹில்லில் ஒரு வீட்டு ஏலத்தில் எடுத்தேன் என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன்.

பஞ்சைத் தூக்கிப் பார்க்காதது என் பிழைதான். எந்தப் பெட்டியையும் அடிவரை பார்க்க வேண்டும் என்று உங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவனே நான். நீங்கள் பார்த்தீர்கள். எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருக்கிறது.

இந்த மூன்டா ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் ஒரு பழைய பாட்டுப் பெட்டி அசலா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் என்னிடம்தான் வருவார்கள். மாதத்தின் முதல் சனிக்கிழமை, மெதடிஸ்ட் சபை மண்டபம், நடு மேஜை. நான் மூடியைத் திறப்பேன். சாவி கொடுக்கும் கைப்பிடியைப் பார்ப்பேன், திருகாணிகளைப் பார்ப்பேன், அடிப்பலகையை முகர்ந்துகூடப் பார்ப்பேன். எல்லாம் சரியாக இருந்தால் மூடியின்மேல் உள்ளங்கையை வைப்பேன். அவ்வளவுதான், அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள். சரியில்லை என்றால் ஒரே வார்த்தை, பிட்சர்.

அந்த வார்த்தையைச் சங்கத்துக்குள் கொண்டுவந்தவனும் நான்தான். அதுவரை இந்த ஊரில் அதை நாய்களுக்குத்தான் சொல்வார்கள். இன்ன ஜாதி என்று சொல்ல முடியாத, நாலு ஜாதியும் கலந்த தெருநாய்க்கு. ஒன்றின் பெட்டி, இன்னொன்றின் மோட்டார், மூன்றாவதின் புனல் என்று சேர்த்துக் கட்டிய மெஷினுக்கும் அது பொருத்தமாக இருந்தது. சிரிக்கவும் வைத்தது. நான் ஒரு மெஷினை பிட்சர் என்று சொல்லிவிட்டால் அதை வைத்திருப்பவர் மறு மாதம் மண்டபத்துக்கு வர மாட்டார். இதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. உண்மையைச் சொல்லத்தானே என்னை அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

அறுபத்திரண்டாம் வருஷம் பிப்ரவரியில் கார்னெட் ட்ரெம்பாத் இந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார். லோர்னாவின் கணவர், ரயில்வேயில் வேலை. சட்டையெல்லாம் வேர்வை. மேஜைமேல் வைத்துவிட்டுப் பெருமையோடு சொன்னார்.

“என் மாமனார் வாலரூவுல புதுசா வாங்கினது, செல்வின். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு. வேற கையே படல. சுரங்கத்துல மூணு மாச ஓவர்டைம் பார்த்து வாங்கினாராம்.”

நான் பார்த்தேன். எண் தகட்டின் இரண்டு திருகாணிகள் புதியவை. ஊசித்தலையும் பின்னால் வந்த ரகம். புனல் அசல் இல்லை. மேஜையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். நான் பிட்சர் என்றேன்.

கார்னெட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. “அதெப்படிங்க? மாமனார் உயிரோடதான் இருக்காரு. கேட்டுப் பாருங்களேன்.”

பெர்ஸி ஹாக்கிங் பின்னாலிருந்து சொன்னான். “என்ன கார்னெட், கிழவன் தெருநாயைக் கையில கொடுத்துட்டு பந்தயக் குதிரைன்னுட்டானா? பொண்ணையாவது ஒழுங்காப் பார்த்து வாங்கினியா, இல்ல அதுவும் இப்படித்தானா?”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரிப் பேச்சு எனக்குப் பிடிக்காது.

மூன்று வாரம் கழித்துக் கார்னெட் தானாகவே மெஷினை என் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். “வீட்டுல வச்சாலே சண்டைங்க. உதிரி பாகத்துக்கு உதவும்னா எடுத்துக்குங்க, இல்லன்னா கோழிக்கூண்டுக்குப் பலகையாக்குங்க. என் கண்ணுல படாம இருந்தா போதும்” என்றார். நான் எடுத்துக்கொண்டேன். நான் கேட்கவில்லை. அவராகக் கொடுத்தார்.

நான் தவறாகக் கணித்துவிட்டேன், பிறகு ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டேன் என்று நீங்கள் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் முகத்தில் அந்த இரக்கம் தெரிகிறது. அது என்னைக் கொஞ்சம் நோகடிக்கிறது, மிஸஸ் நான்கிவெல். நான் தவறாகக் கணிக்கவில்லை. அன்றைக்கு மேஜையில் கட்டைவிரலால் தகட்டை லேசாக நகர்த்தினேன். அடியில் இருந்த கறுப்புச் சாயம் மங்காமல் இருந்தது, தகட்டின் அளவுக்கு ஒரு மயிரிழை கூடாமல் குறையாமல். ஐம்பது வருஷமாக அந்தத் தகடு அதே இடத்தில் இருந்தால்தான் அப்படி இருக்கும். யாரோ துடைப்பதற்காகக் கழற்றி, திருகாணி தொலைந்து, வேறு போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். ஊசித்தலையும் புனலும் தேய்ந்தால் மாற்றிக்கொள்கிறவை, பெட்டியும் மோட்டாரும் முழு அசல். ஒரே குடும்பம், ஒரே கை. அப்படி ஒன்று அதற்குமுன் என் மேஜைக்கு வந்ததே இல்லை.

அது கார்னெட்டிடம் இருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேலே பூஜாடி வைத்திருப்பார்கள். பேரப்பிள்ளைகள் சாவியை முறுக்கி ஸ்பிரிங்கை உடைத்திருப்பார்கள். ஒரு பொருள் அதன் அருமை தெரிந்தவனிடம் இருப்பதுதான் நியாயம். நான் அதற்கு நியாயம் செய்தேன். பதினேழு வருஷமாக வாரம் ஒருமுறை எண்ணெய் போடுகிறேன். போய்த் தொட்டுப் பாருங்கள்.

இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். நீங்கள் கேட்க வந்தது அந்த எண்ணைப் பற்றி மட்டும்தான். ஆனால் பெட்டியில் உருளை இல்லை என்று சொன்னீர்கள். அதில் இருந்தது எங்கே என்று இன்றில்லாவிட்டாலும் நாளைக்குக் கேட்பீர்கள். ஒரு விஷயத்தைப் பாதி சொல்லி விடுவது எனக்குப் பழக்கமில்லை.

எழுபத்தொன்றில் லோர்னா இங்கே வந்தார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு கார்னெட் இறந்திருந்தார். ஹார்ட்லி ராடா இறந்து ஏழு வருஷம். நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியில் உட்கார்ந்து, மடியிலிருந்த அட்டைப் பெட்டியைத் திறந்து, இரண்டு விரலை உருளைக்குள் விட்டு விரித்து வெளியே எடுத்தார். வெளிப்புறத்தில் ஒரு விரல்கூடப் படவில்லை. எனக்கு ஆச்சரியம். இப்படிப் பிடிக்க எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன்.

“அப்பா சொல்லிக் கொடுத்தாரு. சின்ன வயசுல வெறும் கிளாஸை வச்சுக் காட்டுவாரு. ‘வெளிய தொட்டா சூடு பட்டு விரிசல் விட்டுரும், உங்கம்மா வர்றப்ப இப்படித்தான் பிடிக்கணும்’பாரு.” கொஞ்சம் சிரித்தார். “அம்மான்னா இதுதான். இதைத்தான் அவரு அம்மான்னு சொல்லுவாரு.”

மெள்ள மெள்ளச் சொன்னார். அவர் வயிற்றில் இருந்தபோதே அவருடைய அம்மா தெர்ஸாவுக்கு இதயம் பலவீனம், பிரசவம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஹார்ட்லி வெற்று உருளை ஒன்று வாங்கி வந்து, பிறக்கப்போகும் குழந்தையோடு பேசு என்று மனைவியைப் புனலுக்கு முன்னால் உட்கார வைத்தார். பிறகு பிரசவத்திலேயே தெர்ஸா போய்விட்டாள். சுரங்கம் மூடி, வீடு மாறியதில் உருளை தொலைந்துபோனது என்று ஹார்ட்லி வாழ்நாள் முழுக்கப் புலம்பினார். உண்மையில் அது அவருடைய அக்கா ஸில்லாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. அக்கா செத்தபின்தான் வெளியே வந்தது.

“எனக்கு லோர்னான்னு பேரு வச்சது ஸில்லா அத்தை. அம்மா வேற ஒரு பேரு வச்சிருந்தாங்களாம். அப்பா குடிச்சா அதைச் சொல்லி அழுவாரு. என்ன பேருப்பான்னு கேட்டா, ‘நான் சொல்ல மாட்டேன், அவ வாயால நீ கேக்கணும்’பாரு. தொலைஞ்சு போனதை எங்க போய்க் கேக்கறது? நான் நம்பித்தான் இருந்தேன், மிஸ்டர் பென்கில்லி. நீங்க அந்த மெஷின் பிட்சர்னு சொல்ற வரைக்கும்.”

நான் அவர் கோப்பையில் தேநீர் ஊற்றினேன்.

“உங்க மேல தப்பு இல்ல. உள்ளதைச் சொன்னீங்க. புதுசா வாங்கினேன்னு சொன்னதே பொய்னா, மத்ததும் பொய்தானேன்னு ஆயிடுச்சு. கார்னெட் குத்திக் குத்திக் காட்டுவாரு. அப்பா அடிலெய்ட் முதியோர் இல்லத்துல கிடந்தப்போ ஆளனுப்பினாங்க. நான் போகல. இன்னும் எத்தனை பொய் சொல்லப்போறாரோன்னு இருந்துச்சு. அங்கயே புதைச்சுட்டாங்க. கல்லு கிடையாது, ஒரு நம்பர் போட்ட தகரம் குத்தியிருக்கு. இதுல அம்மா குரல் இருந்துச்சுன்னா, அவருக்கு ஒரு கல்லு வச்சு, மன்னிப்புக் கேக்கணும். இல்லன்னா விட்டுடலாம். நீங்கதான் பார்த்துச் சொல்லணும்.”

அவர் கேட்டது அவ்வளவுதான். பழைய மெழுகு முதல் ஓட்டத்திலேயே உடைந்துபோகக்கூடும், நான் ஒருமுறை சோதித்துவிட்டு அப்புறம் உங்களைக் கூப்பிடுகிறேன் என்றேன். அவர் உருளையையும் பெட்டியையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். போகும்போது நான் சாத்திவைத்திருந்த பின்னறைக் கதவைத் தாண்டித்தான் போனார். அவர் இருந்தவரை மெஷின் அதற்குள்தான் இருந்தது.

மறுநாள் காலை பத்து மணி. இதே மாதிரி வடக்குக் காற்று, ஜன்னல்கள் எல்லாம் அடைத்திருந்தன. அந்தப் பழைய மெழுகுக்கு ஏற்ற ஊசித்தலையைத் தேடிப் பொருத்தினேன். அந்த உருளைக்கு மிகச் சரியான மெஷின் எது என்று கேட்டால் நீங்களும் இதைத்தான் சொல்வீர்கள். சாவி கொடுத்தேன்.

முதலில் ஹார்ட்லி. கரகரப்புக்கு நடுவே தெளிவாக, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி: வாலரூ, மார்ச் இரண்டாம் தேதி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது, மெஷின் நம்பர் இன்னது. அந்தக் காலத்தில் உருளையில் பதிந்தவர்கள் பெரும்பாலும் ஆரம்பத்தில் இப்படி ஒரு அறிவிப்புச் சொல்வார்கள். கடையில் வாங்கும் பாட்டு உருளைகளில் கேட்டுப் பழகியது. அதைச் சொல்லாவிட்டால் பதிவே ஆகாது என்று நினைத்தார்களோ என்னவோ. ஆனால் மெஷின் நம்பரைச் சொன்னவரை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. புது மெஷின் வாங்கிய பெருமை. அந்த மனிதன் தன் பெருமையால் என்னை மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

பிறகு அவள். “இந்த ஓட்டைக்குள்ளயா பேசணும்? எனக்குச் சிரிப்பு வருது, ஹார்ட்லி.” சிரித்தாள். மூச்சு வாங்கினாள். அப்புறம் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினாள், ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் அதிகமாக. மூன்று தடவை அந்தப் பெயர் வருகிறது. நான் நான்கு முறை போட்டுக் கேட்டேன். ஒவ்வொரு முறை ஊசி போகும்போதும் மெழுகு கொஞ்சம் தேயும் என்பது எனக்குத் தெரியும். அதனால் நான்கோடு நிறுத்திக்கொண்டேன்.

என் நிலையை நிதானமாக யோசித்தேன். அந்த நம்பரை லோர்னா கேட்டால், இன்றில்லாவிட்டாலும் ஒருநாள் யாராவது இந்தத் தகட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நான் ஒருவன் அவமானப்படுவதோடு போய்விடுமா? என் கை பட்ட எழுபது எண்பது மெஷின்கள் அருங்காட்சியகங்களிலும் வீடுகளிலும் என் வார்த்தையை நம்பி நிற்கின்றன. ஒன்று பொய் என்றால் எல்லாமே சந்தேகம். உங்கள் சங்கமே இருந்திருக்காது. இதை நான் உங்களுக்காகவும் செய்தேன் என்று சொன்னால் நீங்கள் ஏற்றுக்கொள்ள மாட்டீர்கள். பரவாயில்லை.

வீட்டில் பதிவு செய்ய வாங்கிய மெஷின் என்பதால் இதிலேயே ஒரு சின்னக் கத்தி உண்டு. பதிந்தது பிடிக்கவில்லை என்றால் மேல்தோலைச் சீவிவிட்டு மறுபடி பதியலாம். முதலில் அறிவிப்பை மட்டும் சீவிவிடலாம் என்றுதான் நினைத்தேன். பத்து வினாடி, கால் அங்குலம்கூட இராது. ஆனால் தலை இல்லாத உருளையைப் பார்த்தால் விவரம் தெரிந்தவன் ஏன் என்று கேட்பான். வெற்று உருளையைப் பார்த்தால் யாரும் கேட்க மாட்டார்கள். எனவே கத்தியை இறக்கிவிட்டு, கடைசிவரை கை வைக்காமல் ஓட விட்டேன். மெழுகு சுருள் சுருளாக வந்தது. இரண்டு முறை சீவ வேண்டியிருந்தது, அவள் சிரித்த இடத்தில் கோடு ஆழமாக விழுந்திருந்தது.

சீவலை நான் கொட்டிவிடவில்லை. அதோ அலமாரியில், ஜாம் ஜாடியில். ஒரு துளிகூட விடாமல் தூரிகையால் கூட்டி எடுத்து வைத்தேன். பார்க்கப்போனால் எதுவும் தொலைந்துவிடவில்லை.

அந்த வார வியாழக்கிழமை லோர்னா வந்தார். நல்ல உடை போட்டிருந்தார். தலைகூடச் சுருட்டிவிட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் வேறு ஒரு மெஷினில், அவர் கண் முன்னாலேயே, உருளையைப் போட்டேன். இரண்டு நிமிஷமும் வெறும் இரைச்சல். அவர் புனலுக்குள் காதை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் நிமிரவில்லை.

“இன்னொரு தடவை போடுறீங்களா? நடுவுல யாரோ மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு.”

இன்னொரு தடவை போட்டேன். மூன்றாவது தடவையும் போட்டேன். அதில் நான் கஞ்சத்தனம் காட்டவில்லை.

“ஒண்ணுமே இல்லையா?”

“வெற்று உருளைதான். ஒருநாளும் பதிவு பண்ணினதே இல்ல” என்றேன்.

அவர் அழவில்லை. கையுறையை ஒவ்வொரு விரலாகப் போட்டுக்கொண்டார். “அப்ப கடைசிவரைக்கும் பொய்தான் சொல்லியிருக்காரு. நான் போகாம இருந்தது சரிதான். நாளெல்லாம் அதை நினைச்சு மனசை அரிச்சுக்கிட்டே இருந்தேன். இனிமே அது இல்ல. உங்களுக்கு ரொம்ப நன்றிங்க” என்றார். உருளையை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார், பொத்தான் போட்டு வைக்க உதவும் என்று.

பார்த்தீர்களா, அவருக்கு நிம்மதி கிடைத்தது. நான் சொல்லவில்லை, அவரே சொன்னார். அதற்குப் பிறகு எட்டு வருஷம் இருந்தார். கல் வைக்கவில்லை. தேவாலயத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டார், தையலை விட்டார், யாரையும் வீட்டுக்குள் விடவில்லை என்று நீங்கள் சொல்கிறீர்கள். எனக்கு அது தெரியாது. என் வீட்டுக்கு மட்டும் வருவார். வியாழக்கிழமைகளில் முட்டை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அந்த நாற்காலியில் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார். இந்த ஊரில் தன்னிடம் பொய் சொல்லாத ஒரே ஆள் நான்தான் என்று ஒருமுறை சொன்னார். எனக்கு அது இதமாக இருந்தது.

அந்தப் பெயர் என்ன என்று கேட்கிறீர்கள். அவர் கல்லறையில் அதையாவது சேர்த்து வெட்டலாம் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. அதை மட்டும் நான் உங்களிடம் சொல்வதற்கில்லை. அது ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சொன்னது, குடும்ப விஷயம். உங்களுக்கோ சங்கத்துக்கோ அதில் உரிமை கிடையாது. இப்படிப்பட்ட விஷயங்களில் நான் கண்டிப்பானவன்.

ஆனால் பெயர் வீணாகிவிட்டதே என்று நீங்கள் வருத்தப்பட வேண்டாம். வீணாக விட எனக்கும் மனம் வரவில்லை. அது அழகான பெயர், உயிரோடு இருப்பவர்களில் அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். நான் போய்விட்டால் அதுவும் போய்விடும். உருளையைச் சீவிய அடுத்த வாரம், பெர்ஸி ஹாக்கிங் வீட்டில் நாலு ஜாதி கலந்த குட்டிகள் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். போய் ஒன்றைத் தூக்கி வந்தேன், இப்போது உங்கள் காலடியில் படுத்திருப்பவள்தான். லோர்னா அதை மடியில் வைத்துக் காதைத் தடவிக்கொண்டே பெயரைக் கேட்டார். நான் சொன்னேன்.

“எவ்வளவு நல்ல பேரு. போயும் போயும் ஒரு பிட்சருக்கு வச்சிருக்கீங்களே” என்றார் அவர்.